காணாமல் போன ஆறாவது குடை

எனக்குச் சந்தேகப் புத்தி உண்டு. மற்றவர்கள் சொல்வதற்கு முன்னால் நானே சொல்லிவிடுவது மரியாதை. வீட்டைப் பூட்டினால் பூட்டை மூன்று முறை இழுத்துப் பார்ப்பேன். தெருமுனை வரை போய்விட்டுத் திரும்பி வந்து நான்காவது முறையும் இழுப்பேன். பால்காரர் சிரித்தால், இன்றைக்குத் தண்ணீர் கொஞ்சம் கூடுதல் போலிருக்கிறது என்று நினைப்பேன். பெண் பார்க்கப் போன வீட்டில் காபி அருமையாக இருந்தது. உடனே, 'இதைப் போட்டது பெண் இல்லை' என்று மனதுக்குள் முடிவு கட்டினேன். (கல்யாணத்துக்குப் பிறகு தெரிந்தது, போட்டது மாமனார். ஆக, என் சந்தேகம் சில சமயம் பலிக்கவும் செய்யும்.)

இப்படிப்பட்டவனைக் கூப்பிட்டு, மாதச் சம்பளம் கொடுத்து, 'நாள் முழுக்கச் சந்தேகப்படு' என்று சொன்னால் எப்படி இருக்கும்? அப்படி ஒரு வேலை சில வருஷங்களுக்கு முன்னால் எனக்குக் கிடைத்தது.

சிக்கல் என்ற ஊருக்கும் மாரியூருக்கும் நடுவில், உப்பளத்தை ஒட்டி, ஒரு தனியார் ஓடுபாதை இருந்தது. சுற்றிலும் சீமைக் கருவேலங்காடு. ஓடுபாதையின் ஒரு பக்கம் விமானம் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் பள்ளி. அவர்களிடம் இரண்டு குட்டி விமானங்கள். இன்னொரு பக்கம் பாராசூட்டில் குதிக்க வைக்கும் கம்பெனி. பாராசூட் என்ற சொல்லை நாங்கள் யாரும் பயன்படுத்துவதில்லை. எங்களுக்கு அது குடை. ஓட்டுகிறவர்கள் ஒரு பக்கம், குதிக்கிறவர்கள் ஒரு பக்கம். ஆனால் வானம் ஒன்று, ஓடுபாதையும் ஒன்று.

இதில் என்ன ஆபத்து என்று கேட்பீர்கள். அந்தக் குட்டி விமானத்தில் இறக்கை ஓட்டுகிறவரின் தலைக்கு மேலே இருக்கும். கீழே ஆடு மேய்வது அவருக்குத் தெரியும். மேலேயிருந்து ஆள் விழுவது தெரியாது. விழுகிறவருக்கோ பிரேக்கும் கிடையாது, ஹாரனும் கிடையாது. சரி, தரைக்கு வந்துவிட்டால் நிம்மதியா என்றால் அதுவும் இல்லை. சுருட்டாமல் விட்ட குடை காற்றில் எழும்பிப் போய், ஓடுகிற விமானத்தின் முன்விசிறியில் சுற்றிக்கொண்டால் தீர்ந்தது கதை. அதனால் அங்கே ஒரே ஒரு விதி. மேலே போன குடை அத்தனையும் இறங்கிக் கணக்குச் சரியாகும் வரை, எந்த விமானமும் தரையைத் தொடக் கூடாது.

அந்தக் கணக்குக்குக் காவல் நான். கொட்டகையின் மொட்டை மாடியில், கையில் பைனாகுலர், இடுப்பில் வாக்கிடாக்கி, பக்கத்தில் கம்பத்தில் சிவப்புக் கொடி. ஒவ்வொரு குடை இறங்கும்போதும் வாக்கிடாக்கியில் 'தரை' என்பேன். கீழே ரேடியோ அறையில் இருப்பவர் கரும்பலகையில் ஒரு கோடு போடுவார். கோடும் குதித்தவர் எண்ணிக்கையும் ஒத்துப்போனால் நான் கொடியை இறக்குவேன். பார்ப்பது என் வேலை, எண்ணுவது பலகையின் வேலை. பலகையில் வழக்கமாக இருந்தவர் கருப்பையா அண்ணன், கடலாடிப் பக்கம். என்னைப் போலவே நெல் விளைகிற வீட்டுப் பிள்ளை. மாதக்கணக்கில் ஒரு கோடு பிசகியதில்லை.

எனக்கு ஓட்டுகிறவர்கள் மேல் அவ்வளவு சந்தேகம் இல்லை. என் மச்சினன் ராமுவே அங்கேதான் படித்தான். குதிக்கிற கம்பெனி மேல்தான் சந்தேகம். அதை நடத்தியவர் ரகு சார், ராணுவத்தில் இருந்தவர். எப்போது பார்த்தாலும் சிரிப்பார். ஆட்களை ஆகாயத்திலிருந்து தள்ளிவிடுகிறவர் எதற்குச் சிரிக்க வேண்டும்?

நான் சொல்லப் போகிற நாளுக்கு முந்தின ஒரு வாரமாக அவர்கள் நடவடிக்கையே சரியில்லை. நான் அந்தப் பக்கம் போனால் பேச்சு நின்றுவிடும். நான் மதியம் வேலை முடிந்து கிளம்பும்போது, "தம்பி, கிளம்பியாச்சா? நேரா வீட்டுக்குத்தானே?" என்று ரகு சார் வாசல் வரை வந்து விசாரிப்பார். இவருக்கு எதற்கு என் வீட்டு அக்கறை? குதிக்கிறவர்களின் பெயர்ப் பட்டியலைக் கேட்டேன். "உங்களுக்கு எண்ணிக்கை போதும் தம்பி, பேரு எதுக்கு?" என்றார். எதையோ மறைக்கிறார்கள் என்று எனக்கு நிச்சயமாகிவிட்டது. பழைய குடையை ஒட்டுப் போட்டுக் கொடுக்கிறார்களா? யாராவது விழுந்து காலை ஒடித்ததை மூடி மறைக்கிறார்களா? மூன்று இரவு சரியாகத் தூங்கவில்லை.

இந்த லட்சணத்தில்தான் ராமுவின் நாள் வந்தது. ஓடுபாதைக்கு மேலேயே சுற்றிக்கொண்டிருந்தவன் முதன்முறையாகத் தனியாக ஏர்வாடி வரை பறந்துபோய்த் திரும்பி வர வேண்டும். இதைப் பார்க்க சாயல்குடியிலிருந்து என் மனைவி வசந்தியும் மாமியாரும் வேனில் வந்து இறங்கினார்கள். மாமனாரைக் காணோம்.

"மாமா எங்க அத்தை?"

"கமுதியில கருமாதியாம். பெத்த பிள்ள ஆகாசத்துல பறக்குறான், இந்த மனுசனுக்கு எவனோ செத்ததுதான் பெருசாப் போச்சு" என்று மாமியார் வேன் கதவை அறைந்து சாத்தினார்.

அன்றைக்குப் பார்த்துக் கருப்பையா அண்ணனுக்குக் காய்ச்சல். பலகைக்கு வந்தவள் ஜெசிந்தா. பாம்பனைச் சேர்ந்த பெண். அவள் அப்பாவுக்கு மீன்பிடி விசைப்படகு உண்டு. வாய் கொஞ்சம் நீளம், ஆனால் கணக்கு சுத்தம். "நீங்க 'தரை'ன்னா நான் ஒரு கோடு. அம்புட்டுத்தானண்ணே?" என்று கேட்டுவிட்டு சாக்பீஸோடு உட்கார்ந்தாள்.

எட்டு மணிக்கு ராமு கிளம்பினான். அவன் கடற்கரையோடு கிழக்கே போய் மறைந்ததும், குதிக்கிறவர்களின் விமானம் ஆறு பேரை ஏற்றிக்கொண்டு மேலே போனது. அவன் திரும்புவதற்குள் இவர்கள் இறங்கிவிட வேண்டும் என்பது திட்டம்.

முதலில் புதிதாகப் பழகும் ஆள் ஒருவர். புதியவர்களைக் கொஞ்சம் தாழ்வாகவே குதிக்கவிடுவார்கள். விமானத்தில் கட்டிய கயிறு இழுத்து, குடை தானாக விரிந்துவிடும். விரிந்தது, ஆரஞ்சு நிறம். ஹெல்மெட்டும் கண்ணாடியும் முகத்தை மறைக்க, அந்த மனிதர் கைகால்களை நீச்சலடிப்பதுபோல் அடித்துக்கொண்டே வந்தார். காற்று அவரைக் கிழக்கே தள்ளி, கருவேலங்காட்டு ஓரத்தில் இறக்கியது. நான் வாக்கிடாக்கியில் சொன்னேன். பிறகு மேலே போய்க் குதித்த ஐந்து பேரும் ஒருவர் பின் ஒருவராக இறங்கினார்கள். தரை, தரை, தரை, தரை, தரை. கொடிக் கயிற்றில் கை வைத்தேன்.

"ஜெசிந்தா, சரியா?"

"இல்லண்ணே. அஞ்சுதான் இருக்கு."

ஆறு பேரையும் இந்தக் கண்ணால் பார்த்தவன் நான்தான். ஆனால் பலகை ஐந்து என்கிறதே! என் கண்ணின் மேலேயே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஒருவன் குடை விரியாமல் விழுந்திருக்கிறான், அதை நான் தவறவிட்டிருக்கிறேன், இவர்கள் மறைக்கப் போகிறார்கள் என்று மூன்று நொடியில் முழு வழக்கையும் மனதுக்குள் நடத்தித் தீர்ப்பும் எழுதிவிட்டேன்.

ஏணியில் இறங்கி ரகு சாரிடம் ஓடினேன்.

"ஆறு பேரும் வந்தாச்சு தம்பி, கொடிய இறக்குங்க" என்றார்.

"காட்டுங்க."

வரிசையாக நிறுத்தினார். ஐந்து பேர். பக்கத்தில் சுருட்டிய குடைகள். அதுவும் ஐந்து.

"இன்னொருத்தர் எங்க சார்?"

"உள்ள இருக்கார்."

"உள்ளன்னா?"

"ஸ்டோர் ரூம்ல."

"வரச் சொல்லுங்க."

"இப்ப வரமுடியாது."

"ஏன்?"

"அதச் சொல்ல முடியாது தம்பி."

இதைவிட ஒரு சந்தேகப் பிராணிக்கு வேறென்ன வேண்டும்? "பாடிய உள்ள வச்சிருக்கீங்களா?" என்று கத்தினேன். ஸ்டோர் ரூம் கதவைத் தள்ளினேன். உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டிருந்தது. (பிணம் எழுந்து தாழ்ப்பாள் போடுமா என்று யோசிக்கிற அளவுக்கு அன்று என் மூளை ஓடவில்லை.)

இதற்குள் தலைக்கு மேல் இரைச்சல் கேட்டது. ராமு திரும்பி வந்துவிட்டான். அவனுடைய ஆசிரியை சுபா மேடம் ஓடுபாதை ஓரத்தில் ரேடியோவோடு நின்றார். சிவப்புக் கொடியைப் பார்த்து என்னிடம் ஓடி வந்தார்.

"என்ன ஆச்சு?"

"ஒரு குடையக் காணோம் மேடம்."

"ஆறும் இறங்கியாச்சு மேடம்" என்ற ரகு சாரிடம், "குடையக் கண்ணால பாக்காம நம்ப மாட்டேன்" என்றார். விதியைப் போட்டவரே அவர்தான். "கடல் பக்கம் போய்ச் சுத்திக்கிட்டிரு" என்று ராமுவுக்குச் சொல்லிவிட்டு, ஜீப்பை எடுத்துக்கொண்டு ஓடுபாதை நெடுகத் தேடப் போனார். விமானப் பள்ளி ஆட்கள் நான்கு பேர் கருவேலங்காட்டுக்குள் இறங்கினார்கள். ரேடியோ அறை ஜன்னலிலிருந்து ஜெசிந்தா எட்டிப் பார்த்தாள்.

"அண்ணே, அரை மணி நேரமாவா ஒரு ஆளு ஆகாசத்துல தொங்குவாக?"

"முள்ளுல மாட்டுன குடை காத்துல வந்து பாதையில விழுந்தா? ராமு இறங்கையில விசிறியில சுத்துனா? நீ சும்மா இரு."

நான் சொன்னதில் தப்பே இல்லை. அதுதான் எனக்கு இன்றைக்கும் எரிச்சல். விதி சரி, பயம் சரி, நான் ஒருவன்தான் தப்பு.

காற்றும் ஏறத் தொடங்கியது. எங்கள் ஓடுபாதை வடக்குத் தெற்காகக் கிடக்கும். வெயில் ஏற ஏறக் கச்சான் காற்று மேற்கிலிருந்து விலாவில் வந்து அடிக்கும். அதனால்தான் பழகுகிற பிள்ளைகளைக் காலையிலேயே பறக்கவிட்டு, ஒன்பதுக்குள் இறக்கிவிடுவார்கள். பக்கக் காற்றில் ராமு ஒருமுறைகூட விமானத்தை இறக்கியதில்லை. கம்பத்தில் கட்டிய காற்றுப்பை தொங்கிக்கொண்டிருந்தது போய், கிடையாக நீண்டு படபடவென்று அடித்தது. மணி ஒன்பதே கால்.

வேன் பக்கம் நின்ற மாமியார் என்னிடமே வந்துவிட்டார். "மாப்ள, எம்புள்ளய ஏன் இறக்கவிட மாட்டேங்கிறீங்க?"

"ஒரு நிமிசம் அத்தை."

ரகு சாரின் முகத்தில் சிரிப்பு இல்லை. என் தோளைப் பிடித்து ஓரமாக இழுத்து, காதோடு சொன்னார்: "தம்பி, சத்தியம் பண்ணிக் கொடுத்திருந்தேன், ஆனா இனி முடியாது. உள்ள இருக்கிறது உங்க மாமனார்."

நான் சிரித்தேன். ஆம், அந்த நேரத்திலும் சிரித்தேன். "என் மாமாவா? சார், அவுக பரண்ல ஏற ஆள் கூப்பிடுவாக. இப்ப கமுதியில கருமாதி வீட்டுல இருக்காக. புளுகுறதுன்னா கொஞ்சம் பொருத்தமாப் புளுகுங்க."

"ஒரு வாரமா மத்தியானம் வந்து பழகுனார் தம்பி. நீங்க கிளம்புனப்புறம்."

"வேற ஆளப் பாருங்க சார்."

உண்மையைத் தட்டில் வைத்துக் கொடுத்தார். அதை ஒதுக்கித் தள்ளிய கை இந்தக் கைதான்.

அப்போது ரேடியோ அறை ஒலிபெருக்கியில் ராமுவின் குரல் வந்தது. அதுவரை ஒழுங்காக இங்கிலீஷில் பேசிக்கொண்டிருந்தவன் தமிழுக்கு வந்துவிட்டான். "அத்தான்... காத்து தூக்கித் தூக்கிப் போடுது அத்தான். எப்பத்தான் இறங்க? பயமா இருக்கு."

ஸ்டோர் ரூம் தாழ்ப்பாள் தடாலென்று திறந்தது.

ஆரஞ்சு நிறத் துணி ஒன்று வெளியே வந்தது. அதன் மேல்பக்கம் என் மாமனாரின் தலை இருந்தது. கன்னமெல்லாம் முள் கீறல். இறங்கிய இடத்தில் கருவேல முள் பேண்ட்டை இரண்டாகக் கிழித்துவிட, போட்டுக்கொள்ள வேறு துணி இல்லாமல், வாசலில் பெண்டாட்டி நிற்கிறாள் என்று தெரிந்து, குதித்த குடையையே உடம்பில் சுற்றிக்கொண்டு உள்ளே ஒளிந்திருக்கிறார். வெளியே நடக்கிற கூத்து எதுவும் தன் பிள்ளையைப் பற்றியது என்று அவருக்கு அந்தக் குரல் கேட்கும் வரை தெரியாது.

"மாப்ள! நாந்தான்யா அந்த ஆளு! கொடிய இறக்குங்க! எம்பிள்ளைய இறக்குங்க!"

அந்தக் குரலை இன்றைக்கு நினைத்தாலும் எனக்கு உடம்பு கூசும். ஏணியில் எப்படி ஏறினேனோ தெரியாது, கொடியை அறுத்தே எறிந்துவிட்டேன். ஜீப்பில் திரும்பி வந்த சுபா மேடம் ரேடியோவைப் பிடித்துக்கொண்டார். "ராமு, என் குரல மட்டும் கேளு. மூக்கக் காத்துப் பக்கம் திருப்பி வையி. அவசரப்படாத. நான் இங்கனதான் நிக்கிறேன்." விமானம் நண்டு நடப்பதுபோல் பக்கவாட்டில் சாய்ந்து சாய்ந்து வந்தது. மாமியார் என் மனைவியின் கையைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடிவிட்டார். சக்கரம் தரையில் மோதியது, எழும்பியது, மறுபடி மோதியது, மறுபடி எழும்பியது. மூன்றாவது முறை பிடித்துக்கொண்டது. ஓடுபாதையை விட்டு இறங்கி, உப்பள வரப்புக்கு முன்னால் நின்றது. நான் மாடியிலேயே உட்கார்ந்துவிட்டேன்.

அத்தோடு முடிந்ததா? "ஏலே ராமூ!" என்று மாமனார் விமானத்தைப் பார்த்து ஓடினார். முன்விசிறி இன்னும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓடிய வேகத்தில் துணி அவிழ, பின்னால் இழுபட்ட குடைக்குள் கச்சான் புகுந்தது. பாதிக் குடை விரிந்து அவரை விமானத்தின் பக்கம் இழுத்தது. எந்த ஆபத்துக்குப் பயந்து அந்தக் கொடியை அவ்வளவு நேரம் பிடித்துக்கொண்டிருந்தேனோ, அதை என் மாமனாரே உடுத்திக்கொண்டு ஓடுகிறார்! நான் மாடியிலிருந்து பாதி ஏணியில் இறங்கி, மீதியைக் குதித்து, ஓடிப்போய் அந்தத் துணியின் மேல் குப்புற விழுந்தேன். வாயெல்லாம் உப்பு மண். துணி என்னிடம் மாட்டிக்கொள்ள, மாமனார் மட்டும் கோடு போட்ட பட்டாபட்டியோடு இரண்டடி போய் விழுந்தார். ராமு எஞ்சினை நிறுத்தினான்.

மாமியார் நடந்து வந்தார். கணவனை மேலிருந்து கீழ்வரை பார்த்தார்.

"கமுதிக் கருமாதிக்கு இந்த உடுப்புலதான் போனீகளோ?"

மாமனார் எழுந்து உட்கார்ந்தார். இறங்கி வந்த ராமு அவர் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான். அவன் தலையைத் தன் முழங்காலில் சாய்த்துக்கொண்டு அவர் சொன்னார்: "பயமா இருந்துச்சுடி. இவன் பாட்டுக்குப் போறேன் போறேங்கிறான். அந்தக் காத்து ஆளத் தாங்குமா தாங்காதான்னு நமக்குத் தெரியணுமில்ல? அதான் நானே ஒருக்கா இறங்கிப் பாத்துருவோம்னு."

ஆக, என்னைவிடப் பெரிய சந்தேகப் பிராணி அந்தக் குடும்பத்தில் ஏற்கெனவே இருந்திருக்கிறது. நான் ஆகாயத்தைக் கீழே நின்று சந்தேகப்பட்டேன். அவர் மேலே போய்ச் சோதித்துவிட்டு வந்திருக்கிறார். ஒரு வாரமாக ரகு சார் மறைத்ததும் இவரைத்தான்.

எல்லாம் சரி, பலகையில் ஏன் ஐந்து? ஜெசிந்தாவைப் பிடித்துக்கொண்டேன். "நீ ஒரு கோட்ட விட்டுட்ட."

"சேசுவே! நானா?" அவள் சாக்பீஸை மேஜையில் வைத்தாள். "நீங்க அஞ்சு தடவதான் 'தரை'ன்னீங்க. அதுக்கு முந்தி மட்டும் 'லாபம்'னு ஏதோ சொன்னீங்க. காலையில நல்ல வார்த்த சொல்லி ஆரம்பிக்கிறீங்கன்னு நெனச்சேன். அதுக்கு எதுக்குக் கோடு?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது.

எங்கள் வீட்டில் களத்தில் நெல் அளக்கும்போது அய்யா முதல் மரக்காலை 'ஒண்ணு' என்று சொல்ல மாட்டார். 'லாபம்' என்பார். அதற்குப் பிறகுதான் ரெண்டு, மூணு. நெல் அளக்கிற வீட்டில் பிறந்த எவனுக்கும் முதல் எண்ணுக்கு வாயில் அதுதான் வரும். எனக்கும் மாடியில் நின்று தினமும் அதுதான் வந்திருக்கிறது. நான் 'லாபம்' என்றால் கருப்பையா அண்ணன் யோசிக்காமல் ஒரு கோடு போட்டிருக்கிறார். இப்படி ஒரு பழக்கம் எங்களுக்குள் ஓடிக்கொண்டிருந்தது இரண்டு பேருக்குமே தெரியாது. கடலில் மீனைக் கூடையில் அள்ளுகிற வீட்டுப் பெண்ணுக்கு அது எப்படித் தெரியும்? உலகத்தையே சந்தேகப்பட்ட நான், என் வாயை மட்டும் ஒருநாளும் சந்தேகப்பட்டதில்லை.

"அப்ப என்னையத்தான் லாபம்னு சொல்லி, கணக்குலருந்து தள்ளிட்டீங்களா மாப்ள?" என்றார் மாமனார், முள்ளைப் பிடுங்கிக்கொண்டே. அவ்வளவு நேரத்துக்குப் பிறகு முதலில் சிரித்தது ராமுதான்.

அந்த வேலையை நான் அந்த மாதமே விட்டுவிட்டேன் (விடச் சொன்னார்கள் என்றும் சொல்லலாம்). அதற்கு முன்னால் சுபா மேடம் விதியில் ஒரு வரி சேர்த்தார்: முதல் ஆளுக்கும் 'தரை'தான். ராமு இப்போது பெரிய விமானம் ஓட்டுகிறான். எங்கள் குடும்பத்தில் இன்றுவரை என்னை எதையும் எண்ண விடுவதில்லை. பந்தியில் இலை எண்ணவும் வேனில் ஆள் எண்ணவும் மாமியார்தான். அவர் வாயைத் திறப்பதற்குள் முன்சீட்டிலிருந்து மாமனார் கையைத் தூக்கி, "லாபம் ஏறியாச்சு!" என்பார். வேனே சிரிக்கும், நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வேன்.

போன மாதம் மகளின் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். குடும்பத்தில் உள்ளவர்களைப் படம் வரைந்து பெயர் எழுதி வரச் சொல்லியிருக்கிறார்கள். என் மகள் ஆரஞ்சு நிறக் குடைக்குக் கீழே ஒரு மனிதரைத் தொங்கவிட்டு, பக்கத்தில் 'தாத்தா – லாபம்' என்று எழுதியிருக்கிறாள். அவளுக்கு விவரம் தெரிந்த நாளிலிருந்து வீட்டில் கேட்ட பெயர் அது.

"சார், உங்க மாமனார் பேரு நெசமாவே இதானா? இல்ல பாப்பா விளையாடுதா?" என்று கேட்டு, டீச்சர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். அந்தப் பார்வை எனக்குப் பழக்கமானது. நான் ஊரைப் பார்க்கிற அதே பார்வை.

"அதுதான் பேரு டீச்சர்" என்றேன். "தயவுசெஞ்சு அவரக் கணக்குல சேத்துக்கங்க."